கத்தரிக்கோல் எடுக்கிற நேரம் மட்டும் வரும் பஞ்சி

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். அவர் மேசன் வேலை, கிழமைக்கு ஒருக்கால்தான் வீட்டுக்கு வருவார். நான் வீட்டில் இருந்து தையல் செய்கிறேன். வேலைக்குக் குறைவில்லை, குறை என்னிடம்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று இந்த முறை 23 சாறிச் சட்டை எடுத்தேன். 12 தான் கொடுத்தேன், அதிலும் பாதி முதல்நாள் இரவிரவாகத் தைத்தது. மிச்சம் 11 இப்பவும் பையோடு கிடக்கிறது. இது போக, கனடாவில் இருந்து வந்த ஓர் அக்கா, பயண நாள் வந்ததும் வெட்டாத துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒவ்வொரு நாளும் 'இன்றைக்கு முடிப்பன்' என்றுதான் எழும்புகிறேன். முற்றம் கூட்டி, சமைத்து, மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு, திரைச்சீலையும் தோய்த்துப் போட்டுவிடுவேன். பையைத் தொட்டால் ஒரு மாதிரி வரும். போனை எடுப்பேன், பின்னேரமாகிவிடும். நாளைக்கு விடியப் பார்ப்பம் என்று வைத்துவிடுவேன். இரவில் நித்திரை இல்லை. கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மகளை விட்டு 'அம்மா இல்லை' என்று சொல்ல வைக்கிறேன். எனக்குப் பஞ்சி பிடித்துவிட்டது என்று மாமி சொல்கிறா. போனில் எத்தனையோ உற்சாகப் பேச்சுகள் கேட்டுவிட்டேன், கேட்கிற நேரம் மட்டும் நல்லாயிருக்கும். தைக்க இருந்தால் ஒரு சட்டைக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் போதும். போன வருசம் ஒரு பட்டுச் சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிப் பழுதாக்கினதில் இருந்து கொஞ்சம் கவனமாகத்தான் செய்கிறேன். நான் சோம்பேறியா அக்கா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

பஞ்சி பிடித்தவர் திரைச்சீலை தோய்க்க மாட்டார். முற்றம் கூட்டி, சமைத்து, மெசினுக்கு எண்ணெயும் விட்ட பிறகு, இன்னும் ஏதாவது வேலை கிடைக்காதா என்று திரைச்சீலையைக் கழற்றுகிறவரைப் பஞ்சிக்காரி என்றால் அந்தச் சொல்லுக்கே மரியாதை இல்லை. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், அசல் பஞ்சிக்காரர். மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாலும் பாயில் இருந்து எழும்பாமல் 'சூ' என்று மட்டும் சொல்வார். நித்திரை வரவில்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்களுக்கு நித்திரை இல்லை. இதை மாமியிடம் சண்டைக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் விளங்கிக்கொண்டால் போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் இரண்டு தரமும் 11 பையும் கனடா அக்காவும்தான் கண்ணில் பட்டார்கள். மூன்றாம் தரம்தான், முடிக்கிற இடத்தில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பட்டுச் சட்டை வரியில் நின்றேன். தைக்க இரண்டு மணித்தியாலம் போதும் என்கிறீர்கள். பொங்கலுக்கு முதல்நாள் இரவில் அத்தனை சட்டை தைத்தும் காட்டியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தையல் உங்களுக்குப் பாரமில்லை. மெசினில் போய் இருந்துவிட்டால் கால் தானாக ஓடும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது அல்லவா? பாயை விரித்து, துணியை மடித்து, அளவுச் சட்டையை மேலே வைத்து, சோக்கால் கோடு கீறி, கத்தரிக்கோலைத் துணியில் வைக்கிறது. பிழையாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். பிழையாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. அதுவும் சாறியோடு வந்த துண்டு என்றால் கடையில் போய் அதே நிறத்தில் அதே கரையோடு இன்னொன்று வாங்கவும் ஏலாது. பையைத் தொட்டால் வருகிற அந்த 'ஒரு மாதிரி' அங்கே இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பிழையென்றால் திருத்துங்கள்.

தள்ளிப் போடுவதை நேரத்தைப் பிரிக்கத் தெரியாத குறையாகத்தான் பலர் பார்க்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குக் கால அட்டவணையும் உற்சாகப் பேச்சும் கிடைக்கின்றன. ஃபூஷியா சிரோயிஸ், திமதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதை வேறு பக்கத்தால் பார்க்கிறது. ஒரு வேலை மனதுக்கு ஒவ்வாத உணர்வைக் கொண்டுவருகிறது. வேலையை விட்டு விலகினால் அந்த உணர்வு உடனே குறைகிறது. நாளைய கஷ்டத்தை நாளைக்கு இருக்கிறவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்றைக்கு இருக்கிறவள் ஆறுதல் வாங்கிக்கொள்கிறாள். 'நாளைக்கு விடியப் பார்ப்பம்' என்று சொன்னதும் உங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகிறதா, இல்லையா? அந்த லேசுதான் கூலி. ஒவ்வொரு முறையும் கூலி கிடைக்கிறபடியால் மனம் அதையே திரும்பச் செய்யப் பழகிவிடுகிறது. பையும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பாரமாகிறது.

இன்னொன்றையும் இடையில் சொல்ல வேண்டும். எங்கள் வன்னியில் தலையிடிக்கும் 2009 யுத்தத்தைக் காரணம் சொல்லுகிற ஒரு பழக்கம் இருக்கிறது, ஆலோசனை சொல்லுகிற எங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் தோண்டப் போவதில்லை. ஆனால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த காலத்தில், மற்றவர் நம்பித் தந்த சாமானைத் தொலைத்துவிட்டு இன்றுவரை அதை நினைத்து வெட்கப்படுகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பிறத்தியாரின் பொருள் கையில் இருந்தாலே அவர்களுக்கு மனம் பதறும். அது உங்களுக்கும் பொருந்துமா என்று உங்களுக்குத்தான் தெரியும். பொருந்தாவிட்டால் இந்தப் பந்தியை விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் நாள் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம். 11 பையையும் கட்டிலில் கொட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசியைக் குத்துங்கள். ஆர் தந்தது, எப்ப தாறன் என்று சொன்னது, என்ன மிச்சம் என்று மட்டும் எழுதினால் போதும். கண்ணுக்குப் படாமல் கட்டிய பையில் கிடக்கும்வரை 11-உம் ஒரே மலையாகத்தான் இருக்கும். கொட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று சட்டைக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கி என்று தெரியவரும் என்று பந்தயம் கட்டுகிறேன். அவற்றை அன்றைக்கே பின்னேரம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து முடித்துவிடலாம். உண்மையில் வெட்டாமல் கிடப்பது எட்டு என்று வைத்துக்கொள்வோம்.

அந்த எட்டையும் ஒரே நாளில் வெட்டப் பார்க்க வேண்டாம். ஒரு விடியலுக்கு ஒரு வெட்டு. இங்கேதான் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. பீட்டர் கோல்விற்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1990களில் நிறைய ஆராய்ந்த விசயம் இது. 'இந்தக் கிழமை வெட்டி முடிப்பன்' என்பது வெறும் ஆசை. 'இது நடந்தால் உடனே இதைச் செய்வேன்' என்று, நாளாந்தம் எப்படியும் நடக்கிற ஒன்றோடு வேலையைக் கட்டிவிட்டால், செய்யலாமா வேண்டாமா என்று மனதோடு வழக்குப் பேசுகிற இடம் இல்லாமல் போகிறது. உங்களுக்கு நான் எழுதித் தருவது இது: பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து செருப்பைக் கழற்றினால், உடனே பாயை விரிப்பேன். தேத்தண்ணி பிறகு. போனைக் குசினியில் அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிடுங்கள், சிரிக்காதீர்கள், பலருக்கு உதவியிருக்கிறது. முற்றம் கூட்டுவதும் வெட்டி முடித்த பிறகுதான். முற்றம் உங்களுக்கு ஒளிந்துகொள்ளுகிற இடமாகிவிட்டது.

பாயை விரித்ததும் அந்த 'ஒரு மாதிரி' வரும். வரட்டும். அதைத் துரத்தவும் வேண்டாம், அது போனபின் வெட்டலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். கை நடுங்குகிறதா, வயிற்றைப் பிசைகிறதா என்று பார்த்துக்கொண்டே கோட்டைக் கீறுங்கள். எழும்பி ஓடாமல் இருந்தால் அது கொஞ்ச நேரத்தில் தணியத் தொடங்கும். தணிவதை நாலைந்து விடியல் உங்கள் உடம்பே கண்டுவிட்டால், பிறகு நான் சொல்லத் தேவையில்லை.

பயம் மனதில் இருக்கிறது, சரி. ஆனால் பயத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது, இரண்டு கை ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்டது உண்மைதானே. எனக்குத் தையல் தெரியாது, கொக்கி தைத்தாலும் கோணலாகத்தான் தைப்பேன். அதனால் கிளிநொச்சியில் தையல் படிப்பிக்கிற ஒருவரிடம் உங்கள் விசயத்தைப் பெயரில்லாமல் சொல்லிக் கேட்டேன். உடனே சிரித்துவிட்டு, அந்தப் பிழை விடாத தையல்காரி இல்லை என்றார். கரை வைத்த துணியில் மடித்து வெட்ட முடியாமல் ஒவ்வொரு கையாக வெட்டும்போதுதான் அது நடக்குமாம். அவர் செய்கிறது இதுதான்: முதலில் லைனிங் துணியை மடித்து இரண்டு கையையும் ஒன்றாக வெட்டுவது. விரித்தால் ஒன்று வலம், ஒன்று இடம். சோக்கால் அதில் 'வலது', 'இடது' என்று எழுதுவது. முன்பக்கத்துக்குக் கூடிய வளைவு வருகிறபடியால் முன், பின் என்றும் குறிப்பது. பிறகு பட்டின் நல்ல பக்கம் மேலே இருக்க விரித்து, லைனிங்கின் எழுத்துப் பக்கமும் மேலே தெரிய, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊசி குத்துவது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இருந்தால்தான் கத்தரிக்கோலை எடுப்பாராம். அதோடு, அடிக்கடி தைக்க வருகிறவர்களின் அளவைப் பழைய பேப்பரில் ஒருக்கால் வெட்டிப் பெயர் எழுதிச் சுருட்டி வைத்துவிடுவாராம். அடுத்த முறை பயப்பட ஒன்றும் மிச்சம் இருக்காது. தையலுக்கு உள்ளே விடுகிற துணியைக் கொஞ்சம் கூட விடச் சொன்னார், இறுகினால் பிரித்து விடலாம்.

உற்சாகப் பேச்சாளர்கள் கஷ்டமானதை முதலில் செய் என்பார்கள். உங்களுக்கு நான் எதிராகச் சொல்கிறேன். முதல் மூன்று விடியலும் ஆகச் சுகமான பருத்திச் சட்டையாக எடுங்கள். பட்டைக் கடைசியில் தொடலாம். கை தன் மேல் நம்பிக்கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும்.

இனி, வாடிக்கையாளர்கள். 'நாளைக்கு வாங்கோ' என்ற சொல்லை உங்கள் வீட்டில் தடை செய்துவிடுங்கள். நாளின் பெயரைச் சொல்லுங்கள். வற்றாப்பளையில் அம்மாளின் பொங்கலை எடுத்துப் பாருங்கள். முதலில் பாக்குத்தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு, பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்தல், உங்கள் ஊர்க் காட்டா விநாயகர் கோயில் பொங்கல், அதற்குப் பிறகுதான் வற்றாப்பளை. இத்தனை சனம் திரளுகிற ஒரு பொங்கல் பாக்குத்தெண்டலில் இருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்திருக்கிறது, ஊருக்கே அந்த நாள் தெரியும். அடுத்த கிழமை பார்ப்பம் என்று ஒருவரும் சொல்வதில்லை. வயல்காரரும் அப்படித்தான், பாசனக் குளத்துக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் விதைப்புக்குக் கடைசி நாள் குறிக்கிறார்கள். நீங்களும் எட்டுப் பேருக்கும் எட்டு நாளைக் குறியுங்கள். ஒரு விடியலுக்கு ஒரு வெட்டு, அன்றைக்கே தைத்து, அடுத்த நாள் பின்னேரம் கொடுப்பது என்றால் பள்ளிக்கூட நாளாக எட்டு நாள், இரண்டு கிழமைக்குள் முடியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கரண்டும் போகும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக் கூட்டியே சொல்லுங்கள்.

போனை எடுத்து இப்படிச் சொன்னால் போதும்: "அக்கா, உங்கட சட்டை இன்னும் வெட்டேல்லை. பிழை என்னில. வாற வியாழன் பின்னேரம் தருவன். அதுக்கு முதல் தேவையெண்டால் துணியைத் தாறன், நான் குறை நினைக்க மாட்டன்." இதற்கு மேல் ஒரு காரணமும் வேண்டாம். பிள்ளைக்குச் சுகமில்லை, மெசின் பழுது என்று சொன்னால் அடுத்த முறை அந்தப் பொய்யையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஆகப் பிந்திய மூவரில் இருந்து தொடங்குங்கள். ஒருவர் ஏசுவார். கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற இருவர் "அதுக்கென்ன பிள்ளை" என்பார்கள், நீங்கள் இத்தனை நாள் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்காது. அந்த எட்டும் முடியும்வரை புதுத் துணி எடுக்க வேண்டாம், கல்யாண வீடு வந்தாலும் சரி. துணியை வாங்கி வைக்கிற நேரமும் மனதுக்கு ஒரு சின்னச் சந்தோசம் வரும், அதுவும் ஒரு கூலிதான், கவனம்.

மகளைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் மனம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம் என்றால், 11 சட்டையும் கிடக்கட்டும், அதை நிறுத்துங்கள் என்பேன். கேற்றடிக்குப் போய் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு நீங்கள் உள்ளே இருப்பது தெரியும், வந்தவரின் முகத்தைப் பார்ப்பதும் அவள்தான். உங்கள் பயத்தை உங்களைவிட முன்னால் போய் அவள் சந்திக்கிறாள். இனி மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் "அம்மா நிக்கிறா, கூப்பிடுறன்" என்று சொல்லச் சொல்லுங்கள். அவளிடம், "நான் பயத்தில அப்பிடிச் சொல்ல வைச்சிட்டன், இனிச் சொல்ல வேண்டாம்" என்றும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

அப்புறம் அந்தக் கனடா அக்கா. அவர் ஏசியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு சுட்டிருக்காது என்று நினைக்கிறேன். போனிலேயே ஒரு நிமிசக் குரல் பதிவு அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்டால் போதும், அடுத்த முறை தைத்துத் தருவன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய மன்னிப்பு ஒரு பக்கம், உங்களை நீங்களே ஏசுவது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி அந்தக் கனடாவிலேயே ஓர் ஆய்வு நடந்தது. ஒட்டாவாவில் உள்ள கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்தில் முதல் வருட மாணவர்களிடம் செய்து 2010-இல் வெளியானது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப் போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப் போட்டார்கள். எங்கள் வீடுகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நம்புகிறோம், நன்றாக ஏசினால்தான் புத்தி வரும் என்று. ஏச ஏசப் பையைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது, அதுதான் நடக்கிறது.

நான் இதையெல்லாம் புத்தகத்தில் வாசித்து மட்டும் எழுதவில்லை. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு தாய்க்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம் ஏழு மாதம் என் மேசை லாச்சியில் கிடந்தது. எழுதினால் அரை மணித்தியால வேலை. எழுதுவதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது, அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. லாச்சியைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பேனையைக் கூட மேசைக்கு மேலே வைக்கப் பழகியிருந்தேன். கடைசியில் அவர்தான் வந்து, "பிள்ளை, என்னவும் கேக்க இருக்கோ?" என்று கேட்டார்.

நித்திரையைப் பற்றி ஒரு சொல். பை காலியாகத் தொடங்கியதும் நித்திரை திரும்பினால் நல்லது. இரண்டு கிழமைக்கு மேலாகவும் நித்திரை வராமல், சாப்பாடு பிடிக்காமல், பிள்ளைகளோடு இருக்கிறபோதும் சந்தோசம் இல்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் அது தள்ளிப்போடுகிற பழக்கத்தைவிடப் பெரியது. முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் மனநலப் பிரிவில் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். களைப்பும் சோர்வும் கூடவே இருந்தால் இரத்தச் சோகையும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பெண்களுக்கு இவை இரண்டும் சோம்பல் என்ற பெயரில் பல காலம் ஒளிந்திருக்கும். இருந்து என்ன பயன் என்ற மாதிரி எண்ணம் ஒரு தரம் வந்தாலும் 1926-க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. போக வர வெட்கம் என்று அதையும் நாளைக்குத் தள்ள வேண்டாம்.

பையைக் கொட்டிப் பார்த்த அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுதுங்கள், 11-இல் எத்தனைக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கி என்று. என் பந்தயம் மூன்று.